சல்லிசாகக் கிடைத்த லைக்கா: வைத்துக்கொள்வதா, விற்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள், தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் காலி செய்யும் பெரிய வீடுகள், இப்போது கைப்பேசி விளம்பரங்கள் என்று மூன்று வழியாக லைக்கா, ரோலிஃப்ளெக்ஸ், ஹாசல்பிளாட் கேமராக்கள் நம்ப முடியாத விலைக்குக் கைமாறுகின்றன. வாங்கியவர்களுக்கு வரும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைக் கொடுத்திருக்கிறோம். மேலிருந்து கீழாகப் படியுங்கள். பின்னால் உள்ள பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே பேசுகின்றன.

சல்லிசா ஒரு லைக்கா கிடைச்சிருக்கு. வச்சுக்கலாமா, வித்துடலாமா?

இரண்டையும் இப்போது முடிவு செய்யாதீர்கள். முதலில் அது யாருடைய பொருள், அடுத்து அது என்ன பொருள், கடைசியாக அது ஓடுமா என்று இந்த வரிசையில் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் தலைகீழாகப் போகிறார்கள். இணையத்தில் விலையைப் பார்த்து லாபக் கணக்குப் போட்டுவிட்டு, அந்தக் கணக்கு கெடாதபடி மற்ற விடைகளை வளைத்துக்கொள்கிறார்கள்.

யாருடையது என்பதற்கு ஒழுங்கான விடை இல்லையென்றால் வைத்துக்கொள்வதும் சரியில்லை, விற்பதும் சரியில்லை. கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்பதுதான் வழி. போலி என்று தெரிந்தாலும் தைரியமாக வைத்துக்கொள்ளலாம். அசலாகவே இருந்தாலும் வந்த வழி தெரியாததை வைத்துக்கொள்ளக் கூடாது.

எவ்வளவு குறைஞ்சா 'சந்தேகப்படற விலை'ன்னு சொல்றது?

விளம்பரத்தில் கேட்கும் விலையோடு ஒப்பிடாதீர்கள், விற்று முடிந்த விலையோடு ஒப்பிடுங்கள். ஏல இணையதளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் பிரித்துப் பார்க்க வசதி உண்டு. சந்தை விலையில் பாதிக்கு வந்தால் பெரும்பாலும் ஏதோ பழுது. பத்தில் ஒரு பங்குக்கு வந்தால் மூன்று காரணங்களில் ஒன்று: விற்பவருக்கு விவரம் தெரியவில்லை, அல்லது போலி, அல்லது திருட்டு.

நேர்மையான நாலாவது காரணமும் உண்டு. பெயர் பெரியது, ஆனால் மாடல் சிறியது. லைக்கா டி-லக்ஸ் 7 உள்ளே பானசோனிக் எல்எக்ஸ்100 மார்க் 2. ஹாசல்பிளாட் ஸ்டெல்லர் உள்ளே சோனி ஆர்எக்ஸ்100. ஹாசல்பிளாட் லூனார், சோனி நெக்ஸ்-7-க்கு மரக் கைப்பிடி போட்ட அவதாரம். இவையெல்லாம் கம்பெனியே விற்ற அசல் பொருள்கள்தான். எம்3, எம்9 போன்ற எம் வரிசை லைக்காவின் விலை மட்டும் இவற்றுக்குக் கிடையாது. லைக்காவின் சின்னமான சிவப்புப் பொட்டு தனி ஸ்டிக்கராகவே விற்கிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

மேலே 'லைக்கா'ன்னு பொறிச்சிருக்கு, லைக்கா செய்யற ஜெர்மன் ஊரான வெட்ஸ்லார் பேரும் இருக்கு. அப்புறம் என்ன சந்தேகம்?

பழம்பொருள் கடைக்கு வரும் போலி லைக்காக்களில் மிகப் பெரும்பாலானவை சோவியத் ஒன்றியத்தில் செய்த கேமராக்கள். 1932-இல் வந்த லைக்கா 2-ஐப் பார்த்து, கார்கிவ் நகரில் 1934 முதல் 'ஃபெட்' என்ற பெயரிலும், மாஸ்கோ அருகே கிராஸ்னகோர்ஸ்கில் 1948 முதல் 'ஸோர்கி' என்ற பெயரிலும் அதே அச்சில் செய்தார்கள். லட்சக்கணக்கில் செய்ததால் இன்றும் மலிவு. பிற்காலத்தில் சிலர் அவற்றின் மேல்தகட்டில் இருந்த ரஷ்யப் பெயரைத் தேய்த்துவிட்டு லைக்கா என்று வெட்டி விற்கத் தொடங்கினார்கள்.

லென்ஸைக் கழற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும். இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வரும் 39 மில்லிமீட்டர் மரை அது. கழற்றியதும் பாடிக்குள், வளையத்தின் மேற்பகுதியில் பாருங்கள். லென்ஸின் பின்புறம் தொட்டு நகர்த்தும் சிறு கை ஒன்று இருக்கும். அதன் நுனியில் உருளும் சிறு வட்டச் சக்கரம் இருந்தால் லைக்கா. சக்கரம் இல்லாமல் தட்டையான, நாக்குப் போன்ற உலோகத் துண்டு இருந்தால் ஃபெட் அல்லது ஸோர்கி. மேலே பெயர் வெட்டுகிறவர்கள் பொதுவாக இந்தக் கையை மாற்ற மெனக்கெடுவதில்லை.

அடுத்து அடித்தகட்டைத் திறந்து உட்புறம் பாருங்கள்; ரஷ்ய எழுத்து மிச்சமிருக்கும் இடங்களில் இது ஒன்று. பூட்டுச் சாவியின் அருகே லைக்காவில் ஜெர்மனிலோ ஆங்கிலத்திலோ திற, மூடு என்று இருக்கும். பொறித்த எழுத்தையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். அசலில் எழுத்து ஒரே ஆழத்தில், கூர்மையான ஓரத்துடன் ஓடும். போலியில் ஆழம் ஏறி இறங்கும், சுற்றியுள்ள தகடு தேய்த்து மெலிந்தது போலத் தெரியும்.

தங்க முலாம், மேலே கழுகுச் சின்னம், '1936 பெர்லின் ஒலிம்பிக்'. இது ஸ்பெஷல் எடிஷன்னு சொன்னாங்களே?

அலங்காரம் கூடக் கூட சந்தேகமும் கூடட்டும். போருக்கு முன் லைக்கா நிறுவனம் செய்த தங்க முலாம் 'லக்ஸஸ்' மாடல் நூற்றுக்கும் குறைவு. அது லைக்கா 1; அதில் உள்ளிணைந்த ரேஞ்ச்ஃபைண்டரே (தூரம் பார்த்து ஃபோகஸ் செய்ய உதவும் கருவி) கிடையாது. முன்பக்கம் ரேஞ்ச்ஃபைண்டருக்கானதையும் சேர்த்து மூன்று கண்ணாடி ஜன்னலோடு, தங்க நிறத்தில், பாம்புத்தோல் ஒட்டிய கேமரா கையில் வந்தால் அது ஸோர்கி என்றே வைத்துக்கொண்டு, இல்லையென்று நிரூபிக்க முயலுங்கள்.

ஜெர்மன் விமானப்படை முத்திரையுள்ள அசல் லைக்காக்கள் இருக்கின்றன. பெரும்பாலும் அவை 3சி மாடல். 3சி-யில் முன்பக்கம், லென்ஸுக்குப் பக்கத்தில், ஒரு நொடி வரையிலான மெதுவான வேகங்களுக்குத் தனி வட்டு ஒன்று உண்டு. முத்திரை இருந்து வட்டு இல்லையென்றால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை.

'ஐயா பர்மாவுல இருந்து கொண்டாந்தது'ன்னும் 'ஏவிஎம் ஸ்டுடியோவுல இருந்தது'ன்னும் கடைக்காரர் சொல்றாரு. நம்பலாமா?

இரண்டுமே நடந்திருக்கக்கூடியவை, அதனால்தான் நன்றாக விலை போகின்றன. நகரத்தார் குடும்பங்கள் பர்மா, மலாயா, சிலோன் என்று கொண்டுவிற்கப் போனதும், சாமான்கள் கப்பலில் வந்ததும் வரலாறு. ஏவிஎம் 1940-களில் காரைக்குடியில் இயங்கியதும் உண்மை. ஆனால் சினிமா எடுத்தது சினிமா கேமராவில். கையடக்க லைக்காவில் அல்ல.

கதை கேமராவைப் பற்றி எதையும் நிரூபிக்காது. கதைக்குக் காகிதம் இருந்தால் மட்டும் விலை ஏறும்: ரங்கூன் அல்லது சிங்கப்பூர் கடை ரசீது, கடை முத்திரை பதித்த உறை, அதே கேமராவைக் கழுத்தில் மாட்டியிருக்கும் குடும்பப் படம். காகிதம் இல்லாத கதைக்குக் காசு கொடுக்காதீர்கள், விற்கும்போது அதைத் திருப்பிச் சொல்லவும் செய்யாதீர்கள்.

சீரியல் நம்பரை வச்சு என்ன கண்டுபிடிக்கலாம்?

எந்த ஆண்டு, எந்த மாடல் என்று கண்டுபிடிக்கலாம். பழைய லைக்காக்களின் எண் வரிசை வெளியாகியிருக்கிறது. 1954-இல் வந்த எம்3-இன் எண்கள் 7,00,000-இல் தொடங்குகின்றன. எண் ஒரு மாடலையும் கையில் உள்ள உடல் வேறொரு மாடலையும் காட்டினால், எண் பிறகு வெட்டியது. மேல்தகடு மட்டும் மாற்றியதாகவும் இருக்கலாம்.

ஹாசல்பிளாடில் எண்ணுக்கு முன் வரும் இரண்டு எழுத்தே ஆண்டு. வி, எச், பி, ஐ, சி, டி, யு, ஆர், இ, எஸ் என்ற வரிசையில் 1 முதல் 9 வரை, கடைசி எஸ் மட்டும் 0. டி, சி என்று இருந்தால் 65, அதாவது 1965. ஃபிலிம் மாட்டும் பின்பெட்டிக்குத் தனி எண்; உடலும் பெட்டியும் வேறு வேறு ஆண்டாக இருப்பது சாதாரணம். ஆனால் பின்பெட்டியின் எண்ணும் உள்ளே செருகும் பாகத்தின் கடைசி மூன்று இலக்கமும் பொருந்தினால் மதிப்பு கூடும்.

கறுப்பு எம்2, எம்3 வந்தால் தனி எச்சரிக்கை. ஆலையிலேயே கறுப்பு பெயின்ட் அடித்தவை வெள்ளி நிறத்தைவிடப் பல மடங்கு விலை போகும் என்பதால், வெள்ளியைப் பிறகு கறுப்பாக்கியவை நிறைய உலவுகின்றன. அவை கெட்ட கேமரா அல்ல, ஆனால் மறுபெயின்ட் அடித்த கேமராவின் விலைதான் பெறும்.

டிஜிட்டல் லைக்கா எம்9. அசல்தான், பாக்ஸ் பில் எல்லாம் இருக்கு. ஆனா பாதி விலைக்குத் தர்றாங்க. ஏன்?

பெரும்பாலும் சென்சார். 2009-இல் வந்த எம்9, அதன் சகோதரங்களான எம்9-பி, எம்-இ, முதல் மோனோகுரோம் ஆகியவற்றில் சென்சாரின் மேல் உள்ள கண்ணாடி நாளடைவில் அரிக்கிறது. ஈரப்பதம் அதைத் துரிதப்படுத்தும். சில ஆண்டுகள் கம்பெனி மாற்றிக் கொடுத்தது. பிறகு மாற்று சென்சார் கையிருப்பே தீர்ந்துவிட்டது.

சோதிக்க ஐந்து நிமிடம் போதும். லென்ஸின் துவாரத்தை எஃப்/16-க்குச் சுருக்கி, ஃபோகஸைக் கலைத்து, மேகமில்லாத வானத்தை எடுங்கள். கணினியில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். தூசு கரும்புள்ளியாகத் தனித்தனியே தெரியும், துடைத்தால் போகும். அரிப்பு, நடுவில் கறுத்துச் சுற்றிலும் வெளிறிய சிறு வட்டங்களாகக் கொத்துக் கொத்தாகத் தெரியும், துடைத்தாலும் போகாது. சென்சார் மாற்றியாயிற்று என்று விற்பவர் சொன்னால் சர்வீஸ் காகிதத்தைக் கேளுங்கள்.

திருட்டுப் பொருளான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

டிஜிட்டல் கேமரா என்றால் ஒரு படம் எடுத்து, அந்தக் கோப்பில் பதிந்திருக்கும் சீரியல் எண்ணைப் பாருங்கள்; பல மாடல்கள் பதிக்கின்றன. உடலில் உள்ள எண்ணோடு பொருந்தாவிட்டால், அல்லது உடலில் எண் சுரண்டப்பட்டிருந்தால், அங்கேயே நிறுத்துங்கள். சார்ஜர் இல்லாமல் வரும் விலையுயர்ந்த கேமராவும் நல்ல அடையாளமல்ல. சொந்தக்காரர் விற்றால் சார்ஜர் வீட்டில் இருக்கும். கல்யாண மண்டபத்தில் தூக்கியதென்றால் கேமராவும் அதில் மாட்டியிருந்த லென்ஸும் மட்டுமே வரும்.

உள்ளே மெமரி கார்டு இருந்து யாருடைய முகூர்த்தப் படமாவது தென்பட்டால் அழிக்காதீர்கள். உரிமையாளரைக் கண்டுபிடிக்க அதுதான் நேர்வழி. சீரியல் எண்ணை உள்ளூர் ஸ்டுடியோக்காரர்களிடம் விசாரியுங்கள். களவு போனால் எண்ணைப் படக்காரர்கள் தங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுக்கு விடுவது வழக்கம்.

தெரியாமத்தானே வாங்கினேன். அப்புறம் எனக்கென்ன?

தெரியாமல் வாங்கியது குற்றமில்லை. தெரிந்த பிறகும், அல்லது தெரிந்திருக்க வேண்டிய காரணம் இருந்தும், நேர்மையின்றி வைத்துக்கொள்வது குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 317-இன்படி மூன்று ஆண்டு வரை சிறை. ஒன்றரை லட்சம் பெறும் கேமராவைப் பதினைந்தாயிரத்துக்கு, பில் இல்லாமல், பஸ் ஸ்டாண்டில் வைத்து வாங்கியதே 'காரணம்' என்று காவல்துறை சொல்லலாம்.

குற்றம் இல்லையென்றாலும் பொருள் தங்காது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் பிரிவு 27 சொல்வது இதுதான்: விற்றவருக்கு இல்லாத உரிமை வாங்கியவருக்கு வராது. உரிமையாளர் வந்தால் கேமரா போய்விடும். பணத்தை விற்றவரிடம்தான் கேட்க வேண்டும். நீங்கள் மறுவிற்பனை செய்திருந்தால் அந்த 'விற்றவர்' நீங்கள். உங்களிடம் வாங்கியவர் உங்கள் வாசலுக்குத்தான் வருவார்.

எங்க சொந்த வீட்டுப் பெட்டகத்துல இருந்து எடுத்தது. இதுல யார் கேள்வி கேக்கப் போறா?

பங்காளிகள் கேட்பார்கள். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பல புள்ளிகளுக்கு (கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) உரிமை உண்டு. பொதுச் சாமானா, ஒரு புள்ளியின் அறைச் சாமானா என்று முதலில் தெளிவாக வேண்டும். பூட்டிய அறைக்குள் இருந்தால் அந்த அறை யாருடையதோ அவர்களுடையது என்பது வழக்கத்தில் பாதி விடை. பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு போன்ற வீட்டின் பொது இடங்களில் கிடந்தது என்றால் எல்லோருக்கும் பொது.

கேமராவின் படத்தையும் சீரியல் எண்ணையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'இதை விற்கலாம் என்று இருக்கிறோம், ஆட்சேபம் உண்டா' என்று கேட்டு, வந்த பதில்களைச் சேமித்து வையுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் எட்டும். விலை தெரிவதற்கு முன் கேட்பது நல்லது. தெரிந்த பிறகு எல்லோருக்கும் அந்தக் கேமரா ஞாபகம் வந்துவிடும். கடையில் வாங்குபவர்களும் இதையே கடைக்காரரிடம் கேட்க வேண்டும்: வீட்டுக்காரர் விற்றாரா, வீட்டைப் பார்த்துக்கொண்டவர் விற்றாரா? காவலுக்கு இருந்தவர் விற்றதென்றால் முந்தைய பதில் அப்படியே பொருந்தும்.

பில் கிடையாதுன்னுட்டாரு. வேற என்ன எழுதி வாங்கணும்?

ஒரு வெள்ளைத்தாள் போதும். விற்பவர் பெயர், முகவரி, கைப்பேசி எண், தேதி, உடலின் எண், லென்ஸின் எண், விலை, இந்தப் பொருள் தனக்கு எப்படி வந்தது என்று அவர் கைப்பட ஒரு வரி, கையெழுத்து. பணத்தை யுபிஐ அல்லது வங்கி வழியாகக் கொடுத்து அந்தப் பரிவர்த்தனை எண்ணையும் தாளில் எழுதுங்கள். இதற்கு மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். விலையைக் குறைப்பவர்கள் கையெழுத்துக்குத் தயங்கினால், குறைத்தது எதற்கு என்று புரிந்துவிடும்.

ஃபிலிம் கேமரா. ஓடுதான்னு எப்படிப் பார்க்கிறது?

லென்ஸைக் கழற்றி, அடித்தகட்டையும் கழற்றி, இருட்டறையில் ஒரு டார்ச்சைத் திரைச்சீலையின் முன் பிடித்துப் பின்னாலிருந்து பாருங்கள். பழைய லைக்காவில் ஷட்டர் துணியால் ஆனது. மூடி போடாமல் வெயிலைப் பார்க்க வைத்திருந்தால் லென்ஸே துணியைச் சுட்டு ஓட்டை போட்டுவிடும். ஊசிமுனைப் பொத்தல் தெரிந்தால் ஒவ்வொரு படத்திலும் வெள்ளைப் புள்ளி விழும். லென்ஸைத் திருகி மாட்டும் பழைய (ஸ்க்ரூ மவுன்ட்) லைக்காவில் பின்கதவு இல்லாததால், திரையை ஏற்றிய நிலை, விட்ட நிலை இரண்டிலும் முன்னாலிருந்தே சாய்த்துப் பார்க்க வேண்டும்.

வேகத்தை மாற்றுவது எப்போதும் ஃபிலிமைச் சுற்றி ஷட்டரை ஏற்றிய பிறகு. சோவியத் கேமராக்களில் முறை மாறினால் உள்ளே பல் கெடும். மெதுவான வேகங்களில் இரைச்சல் ஒரே சீராகக் கேட்க வேண்டும். நடுவில் நின்று நின்று போனால் எண்ணெய் உறைந்திருக்கிறது. லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னால் பாருங்கள்: மெல்லிய வேர்போல் கிளைத்தால் ஃபங்கஸ், பனிபோல் முழுக்க மங்கினால் எண்ணெய்ப் படலம். படலம் துடைத்தால் போகும், ஃபங்கஸ் கண்ணாடிப் பூச்சை ஏற்கெனவே தின்றிருக்கலாம். ரோலிஃப்ளெக்ஸ் ஆட்டோமாட் வகையில் ஃபிலிம் தாளை இரண்டு உருளைகளுக்கு நடுவே செருகாமல் சுற்றினால் படங்களை எண்ணும் கவுன்டர் ஓடாது; அதைப் பழுது என்று நினைத்து மலிவாகக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு.

இதெல்லாம் தேறினால் 36 படமுள்ள ஒரு ரோலைப் போட்டு, அருகில், தூரத்தில், எல்லா வேகத்திலும் எடுத்துக் கழுவிப் பாருங்கள். அந்த ரோலின் செலவு விற்பனை விலையில் திரும்பி வந்துவிடும்.

நல்லா துலக்கி, சர்வீஸ் பண்ணி வித்தா அதிகம் போகுமா?

துலக்கவே துலக்காதீர்கள். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பது போல் பித்தளை தெரியும் கேமராவைத் தேய்த்தால் அரை நிமிடத்தில் மதிப்பில் பாதி போய்விடும். கறுப்பு பெயின்ட் தேய்ந்து பித்தளை எட்டிப்பார்ப்பதை சேகரிப்பவர்கள் விரும்பி வாங்குகிறார்கள். உலர்ந்த மெல்லிய துணி, மென்மையான பிரஷ், அவ்வளவுதான்.

சர்வீஸ் விஷயத்தில் கணக்குப் பாருங்கள். அசல் எம்3, ரோலிஃப்ளெக்ஸ் 2.8எஃப் என்றால் சரிசெய்து விற்பது பலன் தரும். ஸோர்கிக்குச் செய்தால் சர்வீஸ் கூலியே கேமரா விலையைத் தாண்டும். விவரம் தெரியாதவர் கையில் கொடுப்பதைவிட 'ஓடவில்லை' என்று எழுதி விற்பது மேல்; திருகு முனை சிதைந்த கேமராவை அடுத்த மெக்கானிக் தொட மறுப்பார்.

போலின்னு உறுதியாயிடுச்சு. இப்போ வித்தா தப்பா?

'லைக்கா' என்று விற்றால் தப்பு. 'லைக்கா பெயர் வெட்டிய ஸோர்கி' என்று எழுத்தில் சொல்லி, அந்த விலைக்கு விற்க முனைந்தாலும் பாதுகாப்பு முழுமையில்லை. பொய் வணிகக் குறியுள்ள பொருளை விற்பதையே வணிகக் குறிச் சட்டம் 1999, பிரிவு 104 தண்டிக்கிறது, ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை. எங்கள் கணிப்பு: போலியை வைத்துக்கொள்ளுங்கள். அதன் 50 மில்லிமீட்டர் இண்டஸ்டார் லென்ஸ் கூர்மையாகவே படம் பிடிக்கும். மலிவான அடாப்டர் ஒன்று போட்டால் மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவிலும் மாட்டலாம். சில சமயம் போலி உடலில் லைக்காவின் அசல் எல்மார் லென்ஸ் இருக்கும். லென்ஸை மட்டும் தனியாக விற்கலாம்.

கானாடுகாத்தானுக்கு வந்த வெளிநாட்டுக்காரர் டாலர்ல கேக்கிறார். கொடுத்துடலாமா?

கேமராவின் வயதைப் பாருங்கள். நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையும், கடந்த காலத்தின் கலை, அறிவியலைக் காட்டும் தன்மையும் கொண்ட பொருளை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தொல்பொருளாகக் கருதும். தனியார் யாரும் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. மரப்பெட்டி, துருத்தி, கண்ணாடித் தகடு போடும் பழைய ஸ்டுடியோ கேமராக்கள் இதில் விழக்கூடியவை. லைக்காவே 1925-இல்தான் விற்பனைக்கு வந்தது; 1954-இல் தொடங்கிய எம் வரிசைக்கெல்லாம் இந்தச் சிக்கல் இல்லை. எல்லைக்கோட்டில் இருந்தால் தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிய பிறகு கொடுங்கள்.

ஆன்லைன்ல போட்டேன். ராணுவ அதிகாரி ஒருத்தர் பேரம் பேசாம வாங்கிக்கிறேன்னு க்யூஆர் கோடு அனுப்பியிருக்கார்?

ஸ்கேன் செய்யாதீர்கள். பணம் வருவதற்கு ஸ்கேனும் வேண்டாம், ரகசிய எண்ணும் வேண்டாம். அவை பணம் போவதற்கு மட்டும். சீருடைப் படம், முகாம் மாறுதல், பேரம் இல்லாத விலை எல்லாம் சேர்ந்தே வரும். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். விற்பனையை நேரில், பகலில், வங்கி அல்லது தெரிந்த ஸ்டுடியோவில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கணக்கில் ஏறியதை உங்கள் வங்கிச் செயலியில் பார்த்த பிறகு கேமராவைக் கைமாற்றுங்கள்.

வச்சுக்கிறதா முடிவு பண்ணிட்டேன். எங்கே வைக்கிறது?

பழைய தோல் உறைக்குள் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஃபங்கஸ் அங்கிருந்துதான் லென்ஸுக்குப் போகும். உறையைத் தனியாக வையுங்கள், தூக்கிப் போடாதீர்கள். விற்கும்போது விலை உண்டு. ரப்பர் வளையமுள்ள காற்றுப் புகாத டப்பாவில் நிறம் மாறும் சிலிகா ஜெல்லோடு வைத்து, ஈரப்பத மீட்டர் 40-க்கும் 50 சதவீதத்துக்கும் நடுவே நிற்கும்படி பாருங்கள். அந்துருண்டை பக்கத்தில் கூடாது. ஷட்டரை விட்ட நிலையில் வையுங்கள். ஏற்றியே வைத்தால் ஸ்ப்ரிங் தளரும். மாதம் ஒருமுறை எல்லா வேகத்திலும் சில தடவை அமுக்குங்கள்.

கொடுத்தவர் திருப்பி வாங்க மாட்டேங்கிறார். திருட்டோன்னு சந்தேகமும் போகலை. இப்போ?

அவரிடம் பேசியது, நீங்கள் கேட்டது, அவர் மறுத்தது எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வையுங்கள். பிறகு கேமரா, வெள்ளைத்தாள், பணம் கொடுத்த விவரம் மூன்றோடு உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போய், எந்த எண்ணுள்ள கேமரா, எப்படி வந்தது என்று மனுவாக எழுதிக் கொடுத்து மனு ஏற்புச் சான்று வாங்குங்கள். கேமராவை அவர்கள் எடுத்துக்கொண்டால் அதற்கும் ரசீது கேளுங்கள். யாரும் உரிமை கோராவிட்டால் நடுவர் மன்றத்தில் மனுப் போட்டுத் திரும்பக் கேட்க அந்த ரசீதுதான் ஆதாரம். வக்கீல் ஒருவரைக் கூட்டிப் போவது வீண் செலவல்ல.